ஜப்பான் புராஜெக்டுக்கு எங்கே தேடலாம்: விக்கியா, வீடியோவா, அரசுத் தளமா, ஏஐயா?

'ஒரு வெளிநாட்டைத் தேர்ந்தெடுங்கள், எட்டு நாள் பயணத் திட்டம் போடுங்கள், செலவுக் கணக்கோடு சமர்ப்பியுங்கள்.' பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போது அடிக்கடி கொடுக்கிற வேலை இது. கொடுத்த மறுநாளே நிறையப் பேர் ஜப்பான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அனிமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறு எதை எடுப்பார்கள்? தேர்வு நல்ல தேர்வுதான். இணையத்தில் ஜப்பானைப் பற்றித் தகவல் கொட்டிக் கிடக்கிறது. தொல்லையும் அதிலிருந்துதான் வருகிறது. ஒரே கேள்விக்கு நான்கு இடத்தில் நான்கு பதில் கிடைக்கும். நான்கும் ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்தவையாகவே இருக்கும்.

ஃபுஜி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 3,776 மீட்டர். இதை எந்தத் தளத்திலிருந்து எடுத்தாலும் பாதகமில்லை. அதே மலையில் ஏறுவதற்கான கட்டணம்? பல வருடம் விருப்பப்பட்டால் 1,000 யென் நன்கொடை என்றுதான் இருந்தது. 2024இல், மலையேறும் பாதைகளில் ஒன்றான யோஷிடா பாதைக்கு 2,000 யென் கட்டாயமானது. 2025இல் அது 4,000 ஆகிவிட்டது. உயரத்தையும் கட்டணத்தையும் ஒரே பழைய பக்கத்திலிருந்து எடுத்து எழுதினால் ஒன்று சரியாகவும் மற்றது தப்பாகவும் இருக்கும், பக்கம் மட்டும் ஒன்றுதான். அதனால் 'எந்தத் தளம் நல்ல தளம்' என்ற கேள்வியில் நேரம் போக்க வேண்டாம். நாம் தேடுவது மெல்ல மாறுகிற விஷயமா, சட்டென்று மாறுகிற விஷயமா? மாறினால் அதைத் திருத்தியே ஆகவேண்டிய பொறுப்பு யாருக்கு? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டால் எங்கே போவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பயண வலைப்பதிவுகள்

கூகுளில் தேடினால் முதல் பக்கத்தை நிறைப்பவை இவைதான். படிக்க சுகமாக இருக்கும், படங்கள் இருக்கும், நாள் வாரியாகத் திட்டமும் இருக்கும். அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்ற ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் நான் திருத்திப் பார்க்கும் புராஜெக்டுகளில் செலவுக் கணக்கு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான், அதிலும் ரயில் பாஸில்.

'ஜப்பான் போகிறீர்களா, ஜே.ஆர். பாஸை யோசிக்காமல் வாங்குங்கள்' என்ற தொனியில் ஏகப்பட்ட பதிவுகள் உண்டு. ஒரு முறை பணம் கட்டிவிட்டு, குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுக்க ஜே.ஆர். நிறுவன ரயில்களில் சுற்றுவதற்கான பாஸ் அது. 2023 செப்டம்பர் வரைக்கும் அது நல்ல யோசனைதான். ஏழு நாளுக்கான சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே கிட்டத்தட்ட போட்ட பணம் வந்துவிடும். 2023 அக்டோபரில் அந்தப் பாஸ் 50,000 யென் ஆனது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்குச் சுமார் 11,500. ஹிரோஷிமாவிலிருந்து நேராக டோக்கியோ திரும்ப 19,500 அளவில். கூட்டினால் 45,000. மூன்று ஊரையும் சுற்றி வந்த பிறகும் பாஸின் விலையை எட்டவில்லை. வேகமான நோசோமி ரயிலில் ஏற வேண்டுமென்றால் பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆக, பெரும்பாலான மாணவர் திட்டங்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் மலிவு.

இதைப் பதிவு எழுதியவர் ஏன் மாற்றவில்லை? மாற்றாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான். சிலருக்குப் பாஸ் விற்றால் கமிஷன் வேறு வரும். தலைப்பில் மட்டும் வருடத்தைப் புதிதாக்கிவிட்டு உள்ளே பழைய விலையையே வைத்திருக்கும் பதிவுகளும் உண்டு. எனவே தலைப்பில் உள்ள வருடத்தை நம்பாமல் உள்ளே இருக்கும் அடையாளங்களைப் பாருங்கள். ரயில் நேரம் பார்க்க ஹைப்பர்டியாவைப் பரிந்துரைத்தால் பதிவு பழசு. அந்தத் தளத்தின் கால அட்டவணைத் தேடல் 2022இல் நின்றுவிட்டது. கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் பாஸ் வாங்கச் சொன்னாலும் அப்படியே. அதன் விற்பனை 2023 செப்டம்பரோடு முடிந்தது. இப்போது கிடைப்பது மெட்ரோவும் பேருந்தும் சேர்ந்த ஒரு நாள் பாஸ்.

வலைப்பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர், கியோட்டோவுக்கு எத்தனை நாள் வேண்டும், நாராவை ஒரே நாளில் போய் வரலாமா என்கிற வரிசைக்கு அவை உதவும். எண்ணை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

விக்கிப்பீடியாவும் அதன் தங்கையும்

'விக்கிப்பீடியாவைப் பார்க்கக் கூடாது' என்று இன்னமும் சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலம், வரலாறு, மின்சாரம், நேர வித்தியாசம் போன்ற மெல்ல மாறும் விஷயங்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முந்திய நாடு. வீட்டு மின்சாரம் 100 வோல்ட். கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். கியோட்டோ 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகர். இவை நாளைக்கே மாறப் போவதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஜப்பானைப் பற்றிய கட்டுரைகள் ஆங்கிலத்தைவிடச் சுருக்கமானவை. அவற்றின் பயன் வேறு. தமிழில் எழுதுகிற புராஜெக்ட் என்றால் ஊர்ப்பெயர், கலைச்சொல், நிர்வாகப் பிரிவின் பெயர் எல்லாவற்றையும் எப்படி எழுதுவது என்பதற்கு அங்கே பிடி கிடைக்கும். புள்ளிவிவரத்தை ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

விக்கிப்பீடியாவிலும் அடிக்குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஜப்பானில் எத்தனை தீவுகள்? பொது அறிவுப் புத்தகங்களிலும் பழைய கட்டுரைகளிலும் 6,852 என்று இருக்கும். 2023இல் அந்நாட்டு நில அளவை அமைப்பு வெளியிட்ட கணக்கு 14,125. கடலுக்குள்ளிருந்து ஏழாயிரம் தீவுகள் திடீரென்று முளைக்கவில்லை. முந்தைய எண் 1987இல் கடலோரக் காவல் படை காகித வரைபடத்தை வைத்து எண்ணியது. புதியது டிஜிட்டல் வரைபடத்தில் கணினி எண்ணியது. சுற்றளவு 100 மீட்டருக்குக் குறையாத தீவுகள்தான் கணக்கு என்ற விதியை இரண்டு முறையும் மாற்றவில்லை; வரைபடம்தான் துல்லியமானது. புராஜெக்டில் இரண்டு எண்ணையும் போட்டு, ஏன் வேறுபடுகின்றன என்று இரண்டு வரி எழுதிய மாணவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

மாணவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு தளம் விக்கிவாயேஜ். விக்கிப்பீடியாவை நடத்தும் அதே விக்கிமீடியா குடும்பத்தில் 2013 முதல் இருக்கிற பயண வழிகாட்டி அது. உள்ளே போவது எப்படி, ஊருக்குள் சுற்றுவது எப்படி, என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒழுங்கில் எழுதியிருப்பார்கள். புராஜெக்டின் அத்தியாயத் தலைப்புகளே அதில் தயாராக இருக்கின்றன. விளம்பரம் கிடையாது, மூலத்தைக் குறிப்பிட்டால் எடுத்தாளலாம். குறை என்னவென்றால், சிறிய ஊர்களின் பக்கங்களை யாரும் தொட்டே நாளாகியிருக்கும். பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால் கடைசியாக எப்போது கை வைத்தார்கள் என்பது தெரியும். டோக்கியோ, கியோட்டோ போன்ற பெரிய ஊர்களுக்குத் தாராளமாக நம்பிப் போகலாம்.

தமிழ் வீடியோக்கள்

தமிழில் ஜப்பான் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களும் போடுகிறார்கள், சுற்றிப் பார்க்கப் போனவர்களும் போடுகிறார்கள். எந்த அரசுத் தளமும் தராத ஒன்றை இவர்கள் தருகிறார்கள்: நம் கண்ணுக்கு எது வித்தியாசமாகப் படும் என்பது. சாப்பாட்டு விஷயத்தில் இது ரொம்ப உதவும். மிசோ சூப்பைப் பார்த்தால் சைவம் போலத்தான் தோன்றும். ஆனால் அதன் அடிப்படை 'தாஷி' என்கிற சாறு, பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுப்பது. நூடுல்ஸ் குழம்பிலும், காய்கறிக் கூட்டு மாதிரி இருப்பதிலும் அது இருக்கும். சைவக் குடும்பத்துக்குத் திட்டம் போடுகிற மாணவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் 'மூன்று வேளையும் உள்ளூர் உணவகம்' என்று எழுதினால் திட்டம் முதல் நாளே படுத்துவிடும். கடையில் வாங்கும் அரிசி உருண்டையில் எதன் உள்ளே புளிப்புப் பிளம், எதன் உள்ளே மீன் என்று உறையைக் காட்டிச் சொல்லித் தருகிற வீடியோ ஒன்று போதும், பத்துக் கட்டுரைக்குச் சமம். புத்தக் கோயில்களின் ஷோஜின் உணவு மீனோ இறைச்சியோ இல்லாதது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் வீடியோவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அது தமிழர்களுக்கே உரிய பள்ளம். தமிழில் பேசுகிறவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்? மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஜப்பானுக்குக் குறுகிய சுற்றுலா போக விசா வேண்டாம். இந்தியருக்கும் இலங்கையருக்கும் வேண்டும். கோலாலம்பூர்க்காரர் 'டிக்கெட் போட்டோம், கிளம்பிட்டோம்' என்று தமிழில் சொல்வதைக் கேட்டு மதுரை மாணவர் விசா என்ற தலைப்பையே விட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான்.

வீடியோ எப்போது எடுத்தது என்பதற்கு ஒரு குறுக்குவழி: பணத்தாளைப் பாருங்கள். 10,000 யென் தாளில் ஷிபுசாவா எய்ச்சியின் முகம் தெரிந்தால் 2024 ஜூலைக்குப் பிந்தைய வீடியோ. ஃபுகுசாவா முகம் போட்ட பழைய தாள் தெரிந்தால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது, பழைய தாளும் செல்லும்.

அரசுத் தளங்கள்

வறட்சியாக இருக்கும். படம் குறைவு, பொத்தான்கள் குழப்பம், பாதிப் பக்கம் பி.டி.எஃப். ஆனாலும் விசா, வானிலை, மக்கள் தொகை மூன்றுக்கும் வேறு இடம் போகவே கூடாது என்பேன்.

விசாவுக்கு ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தின் தளம் அல்லது சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் தளம். தேடும்போது மேலே வருகிற விளம்பர இணைப்புகள் பெரும்பாலும் ஏஜென்சிகள். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறார்கள். அதில் ஒரு சின்ன விதி இருக்கிறது: விமான நிலையத்தில் விசாவை இணைய இணைப்போடு கைப்பேசித் திரையில் திறந்து காட்ட வேண்டும், அச்செடுத்த தாளும் ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. இந்த மாதிரி விதியை அதை வகுத்தவர்தான் ஒழுங்காகச் சொல்வார். செலவுப் பட்டியலில் போன் டேட்டாவுக்கும் ஒரு வரி ஒதுக்க இது நல்ல காரணம்.

வானிலைக்கு ஜப்பான் வானிலை முகமை. அங்கே 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரி ஊர் ஊராகக் கிடைக்கும். இது ஏன் முக்கியம் என்றால் செர்ரிப்பூ. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் விடுமுறை. திட்டத்தின் அட்டையில் டோக்கியோ செர்ரிப்பூ, உள்ளே தேதி மே 2. டோக்கியோவில் சராசரியாக மார்ச் 24 வாக்கில் பூக்கத் தொடங்கி, ஏப்ரல் நடுவில் உதிர்ந்து முடிந்திருக்கும். மே மாதம்தான் போக முடியும் என்றால் வடக்கே சப்போரோவுக்குத் திட்டத்தைத் திருப்ப வேண்டும். அங்கே சராசரிப் பூக்கும் நாள் மே 1. கூடவே ஏப்ரல் 29 முதல் மே 5 வரை 'கோல்டன் வீக்' எனும் தொடர் விடுமுறை, உள்ளூர்க்காரர்களே ரயிலையும் விடுதியையும் நிரப்பிவிடுகிற வாரம். ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழை. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். அழகான படத்தை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காமல், மாதத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் திட்டம் நம்பும்படி இருக்கும்.

மக்கள் தொகை, தொழில், கல்வி போன்றவற்றுக்கு அந்நாட்டுப் புள்ளியியல் பணியகம் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் இலவசக் கையேடு வெளியிடுகிறது. 2020 கணக்கெடுப்பில் 12 கோடியே 61 லட்சம். அதன் பிறகு வருடா வருடம் குறைகிறது, அதனால் எந்த ஆண்டின் எண் என்று எழுதாவிட்டால் எண்ணுக்கே அர்த்தமில்லை. சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கைக்கு ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பு: 2019இல் 3.19 கோடி, 2024இல் 3.69 கோடி. அதே அமைப்பின் தளத்தில் ஊர் அறிமுகங்களும் இருக்கின்றன. அவை விளம்பர நடையில் இருக்கும், கூட்டத்தைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ மூச்சுவிடாது. கூட்டத்துக்கு வீடியோவே மேல்.

கூகுள் மேப்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கருவி. ஜப்பானில் இது கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும்: ரயில் எந்த நடைமேடை, கட்டணம் எவ்வளவு, எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குமிடம் பக்கம் என்பதுவரை பல நிலையங்களுக்குக் காட்டும். கியோட்டோ நிலையத்திலிருந்து ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நாரா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம், இறங்கினால் எதிரிலேயே வாசல், நுழைவுக் கட்டணம் கிடையாது. இதை வழிகாட்டி நூலில் தேட வேண்டாம், வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். தெருக் காட்சியில் நடந்து பார்த்தால் தாத்தா பாட்டியோடு போகிற திட்டத்துக்குப் படிக்கட்டு எவ்வளவு என்பதும் தெரியும். ஆங்கிலப் பெயரில் இடம் சிக்கவில்லையா? விக்கிப்பீடியா கட்டுரையில் ஜப்பானிய மொழி இணைப்பைச் சொடுக்கி, அங்கே தலைப்பில் உள்ள பெயரை நகலெடுத்து வரைபடத்தில் ஒட்டுங்கள், வந்துவிடும்.

ஏஐ அரட்டைக் கருவிகள்

கேட்ட மாத்திரத்தில் எட்டு நாள் திட்டம் அட்டவணையாக வந்து விழும். பார்க்க அத்தனை நேர்த்தி. மாணவர்கள் இதை விடப்போவதில்லை, விடச் சொல்லி நானும் தொண்டை கிழியக் கத்தப்போவதில்லை. எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் பேச்சு.

அட்டவணை வந்ததும் கிழமையை மட்டும் சரிபாருங்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். அனிமே நிறுவனமான கிப்லியின் அருங்காட்சியகத்துக்கு வழக்கமான விடுமுறை செவ்வாய். அதோடு அங்கே வாசலில் டிக்கெட் கிடையாது, அடுத்த மாதத்துக்கான டிக்கெட் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி விற்பனைக்கு வரும், முன்கூட்டியே வாங்க வேண்டும். 'செவ்வாய் மாலை: கிப்லி அருங்காட்சியகம், டிக்கெட் வாசலில்' என்று கருவி எழுதிக் கொடுத்தால் ஒரே வரியில் இரண்டு பிழை. வரி மட்டும் துளி தயக்கமில்லாமல் இருக்கும். வலைப்பதிவிலாவது தேதி, எழுத்தாளர், படம் என்று சந்தேகப்படுவதற்கு ஏதாவது கிடைக்கும். இங்கே அதுவும் கிடையாது.

அதனால் பதிலை வாங்குவதைவிடக் கேள்வியை வாங்குவது நல்லது. 'சைவம் சாப்பிடும் நான்கு பேர் குடும்பம், மே முதல் வாரம், ஜப்பான். நாங்கள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?' என்று கேளுங்கள். பட்டியல் உருப்படியாக வரும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அரசுத் தளத்துக்கும் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்துக்கும் போங்கள். ஜப்பானிய மொழிப் பக்கத்தை மொழிபெயர்க்கவும் இவை நன்றாக உதவும்.

நம்மூர்ப் பெருமைப் பதிவுகள்

தமிழில் தேடினால் மட்டும் வந்து நிற்கிற ஒரு வகை இது. ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று முடிவாகச் சொல்லும் பதிவுகளும் வீடியோக்களும் நிறைய. இதற்குப் பின்னால் ஒரு உண்மையான ஆராய்ச்சியாளர் இருக்கிறார்: சுசுமு ஓனோ, ஜப்பானில் மதிக்கப்பட்ட மொழியறிஞர், இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டவர். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. புராஜெக்டில் 'ஓனோ இப்படிக் கருதினார், மற்றவர்கள் ஏற்கவில்லை' என்று எழுதினால் சரி. 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். நம் பக்கத்துக்கும் ஜப்பானுக்கும் தொடர்பு காட்டியே ஆக வேண்டுமென்றால் நாராவின் தோதாய்ஜி கோயில் இருக்கிறது: 752இல் அங்குள்ள பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்த துறவி போதிசேனர், தென்னிந்தியாவிலிருந்து போனவர். இதற்குப் பழைய வரலாற்று ஆவணம் உண்டு.

சரி, கையில் இரண்டு மாலைதான் இருக்கிறது என்றால்? முதல் மாலை விக்கிவாயேஜில் ஊர்களைப் பிடித்து, வானிலை முகமையில் மாதத்தைச் சரிபார்த்து, மேப்பில் தூரங்களைப் போட்டுவிடுங்கள். சோர்ந்துபோனால் இரண்டு தமிழ் வீடியோ, சாப்பாட்டுப் பக்கத்துக்காக. இரண்டாவது மாலை முழுக்க எண்களுக்கு: விசா, ரயில் கட்டணம், நுழைவுக் கட்டணம், விடுமுறைக் கிழமை, எல்லாம் அவரவர் சொந்தத் தளத்தில். வலைப்பதிவையும் ஏஐயையும் முதல் மாலையோடு மூடிவிடலாம். யென்னை ரூபாயாக்கும்போது எந்தத் தேதி மாற்று விகிதம் என்பதையும், ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில் பார்த்த தேதியையும் சின்ன எழுத்தில் எழுதிவையுங்கள். 'இந்த 14,000 எங்கிருந்து வந்தது?' என்று வைவாவில் கேட்டால் அந்தத் தேதியைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.